முடக்கறுத்தான் உண்மையில் முடக்கு அறுக்குமா?

முடக்கறுத்தான் என்ற பெயரே ஒரு மருத்துவ வாக்குறுதி. கை கால் முடக்கத்தை அறுப்பது என்று பொருள். பேச்சு வழக்கில் அது முடக்கத்தான் ஆகிவிட்டது. திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்களுக்கு இந்தக் கீரையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பாதையோரத்து மூலிகை சூப் கடைகளில் முடக்கத்தான், பிரண்டை, வாழைத்தண்டு என்று வரிசையாக எழுதி, எது எந்த நோய்க்கு என்றும் சொல்லி விற்கிறார்கள். பாதி வழியில் முட்டி கடுக்க உட்கார்ந்தவருக்கு ‘மூட்டு வலிக்கு’ என்ற சொல்லைத் தாண்டிப் போவது எளிதல்ல. வீட்டுக்குள்ளும் இதே பட்டியல் உண்டு: எலும்புக்குக் கேழ்வரகு, இடுப்புக்கு உளுந்தங்களி, ஒடிந்த காலுக்கு ஆட்டுக்கால் சூப், வீக்கத்துக்கு மஞ்சள் பால். இவற்றில் சில ஆய்வில் தேறியவை, சில அரைகுறையாகத் தேறியவை, சில எலியைத் தாண்டி மனிதரிடம் இன்னும் வந்து சேராதவை.

முடக்கத்தான் மூன்றாவது வகை. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் அதன் சாறு வீக்கத்தை உண்டாக்கும் பொருள்களின் சுரப்பைக் குறைக்கிறது. செயற்கையாக வீங்க வைத்த எலிப் பாதத்தில் வீக்கம் வற்றுகிறது. இவை உண்மையான முடிவுகள்தான். ஆனால் எலிக்குக் கொடுத்தது செறிவான சாறு. மனிதர் சாப்பிடுவது தோசை மாவில் அரைத்த ஒரு கைப்பிடி இலை. மூட்டு வலிக்காரர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெற்று மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாமலே ஒப்பிட்டால்தான் ஒரு கூற்று நிலைபெறும். முடக்கத்தானுக்கு அப்படியொரு பெரிய ஆய்வு இல்லை. முடக்கத்தான் தோசை நல்ல கீரைத் தோசை. அதைச் சாப்பிட எந்த ஆதாரமும் வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு அதைச் சாப்பிடச் சொல்கிறவரிடம்தான் ஆதாரம் கேட்க வேண்டும்.

பிரண்டை ஒரு படி மேலே நிற்கிறது. எலும்பை ஒட்ட வைக்கும் கொடி என்று சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் சொல்வதை, 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாதும் விலங்குகளில் சோதித்தார்கள். முறிந்த எலும்பு விரைவாகக் கூடுவதைக் கண்டு எழுதினார்கள். அதன்பின் மனிதர்களிடம் நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மூட்டு வலியுள்ள, உடற்பயிற்சிப் பழக்கமுள்ள 29 ஆண்களுக்கு நாளொன்றுக்கு 3,200 மில்லிகிராம் பிரண்டைச் சாறு எட்டு வாரம் கொடுத்தார்கள். வலி குறைந்தது. ஆனால் வெற்று மாத்திரை வாங்கிய பிரிவே அதில் இல்லை.

பிரண்டைக்குச் சொல்லப்படும் இன்னொரு பெருமை கால்சியம். நாற்கோணத் தண்டின் விளிம்பு நாரை உரிக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாத பெண்கள் கிராமத்தில் இல்லை. கை அரிக்கும். நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்துத் துவையல் அரைத்தால்தான் நாக்கு தப்பும். அந்த அரிப்புக்குக் காரணம் ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள். அதாவது, தண்டில் இருக்கும் கால்சியத்தில் ஒரு பங்கு ஆக்ஸலேட்டுடன் இறுகிக் கிடக்கிறது. குடல் அதை எளிதில் பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது. உணவில் எவ்வளவு இருக்கிறது என்பதும் உடம்பில் எவ்வளவு சேர்கிறது என்பதும் வேறு வேறு கணக்குகள்.

வெற்று மாத்திரை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு நல்ல சாட்சி. முழங்கால் தேய்மானம் உள்ள 1,583 பேருக்கு, மூட்டுக்கென விற்கப்படும் குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின், இரண்டும் சேர்த்து, வலி மாத்திரை, வெற்று மாத்திரை என ஐந்து விதமாக 24 வாரம் கொடுத்தார்கள். குளுக்கோசமைன் சாப்பிட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தது. இதை மட்டும் விளம்பரத்தில் போட்டால் யாரும் வாங்குவார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலோ 60 சதவீதம் பேருக்கு அதே அளவு குறைந்தது. மூட்டு வலி ஏறி இறங்கும் தன்மை உடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் மருந்து தேடுவார், அதற்குப்பின் அது தானாகவே கொஞ்சம் இறங்கும். ‘சாப்பிட்டேன், கேட்டது’ என்கிறவர் பொய் சொல்லவில்லை. எதனால் கேட்டது என்பதுதான் அவருக்குத் தெரிய வழியில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் உணவுப் பொட்டலங்களில் எழுதப்படும் கூற்றுகளை ஒவ்வொன்றாகச் சலித்து, 2012இல் 222 கூற்றுகளுக்கு அனுமதி கொடுத்தது. எலும்புக்குக் கால்சியம், வைட்டமின் டி, புரதம், மெக்னீசியம் முதலியவை தேறின. தசைக்குப் புரதம் தேறியது. மூட்டுக் குருத்தெலும்புக்குத் தேறியது வைட்டமின் சி. குருத்தெலும்பைக் கட்டும் கொலாஜன் உருவாக அது தேவை. குளுக்கோசமைனும் கொலாஜன் தூளும் தேறவில்லை. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கொண்டுவந்த விதிகளும் அறிவியல் ஆதாரம் இல்லாத கூற்றையும், நோயைக் குணமாக்கும் என்ற கூற்றையும் தடுக்கின்றன. ஆனால் சூப் கடைப் பலகைக்கும் வாட்ஸ்அப் வீடியோவுக்கும் லேபிள் கிடையாது.

ஆட்டுக்கால் சூப்பின் மேல் உள்ள நம்பிக்கை ‘காலுக்குக் கால்’ என்ற கணக்கில் வந்தது. ஆறிய சூப் கிண்ணத்தில் கூழாக உறைவது, எலும்பிலும் ஜவ்விலும் இருந்த கொலாஜன் உருகி வந்ததன் அடையாளம். குடித்தபின் அது பெரும்பாலும் அமினோ அமிலங்களாக உடைகிறது. இவை ஆட்டின் முட்டியிலிருந்து வந்தவை, மனிதனின் முட்டிக்கே போக வேண்டும் என்று உடம்பு பார்ப்பதில்லை. எலும்பில் உள்ள கால்சியமும் கொதிநீரில் சொற்பமாகத்தான் இறங்கும். ஒரு டம்ளர் பாலுக்கு அது ஈடாகாது. பத்து கிராம் கொலாஜன் தூளை மாதக்கணக்கில் சாப்பிட்ட சிலருக்கு வலி சற்றுக் குறைந்ததாகச் சில ஆய்வுகள் உண்டு. அவற்றில் பல, தயாரிப்பாளர்களின் பணத்தில் நடந்தவை. பசியற்றுக் கிடக்கும் நோயாளிக்கு மிளகு சீரகம் தட்டிப்போட்ட சூடான சூப் உள்ளே இறங்குவதே பெரிய காரியம். அந்தப் பயன் வேறு.

மஞ்சளுக்கு மனித ஆய்வுகள் உண்டு. தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரை வைத்துச் செய்து 2014இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, 1,200 மில்லிகிராம் இபுபுரூஃபன் என்ற வலி மாத்திரைக்கு ஏறக்குறைய இணையாக வலியைக் குறைத்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 70 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்விலும், 12 வாரத்தில், வெற்று மாத்திரையைவிட வலி குறைந்தது. ஆனால் எம்.ஆர்.ஐ. படத்தில் வீக்கமும் குருத்தெலும்பும் முன்பு இருந்தபடியே இருந்தன. வலி குறைந்தது, தேய்மானம் திரும்பவில்லை. சமையல் மஞ்சளில் வேலை செய்யும் பொருளான குர்குமின் மூன்று சதவீத அளவில்தான் இருக்கும். பாலில் கலக்கும் அரைத் தேக்கரண்டியில் ஐம்பது மில்லிகிராம்கூடத் தேறாது. ஆய்வுகளின் அளவை அது எட்டுவதில்லை. அதற்காகச் செறிவூட்டிய மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்குவதும் சரியல்ல. கல்லீரல் பாதிப்பு ஏற்பட்ட நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

இரண்டே நாளில் மூட்டு வலி பறந்துவிட்டது என்று பெயர் வாங்கும் பொடியிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2022இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மூட்டுக்கென விற்கப்பட்ட ஓர் உணவுத் துணைப்பொருளைச் சோதித்தபோது, லேபிளில் சொல்லாத டைக்ளோஃபெனாக்கும் டெக்ஸாமெத்தசோனும் அதில் இருந்தன. முன்னது வலி மருந்து, பின்னது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டைத் தொடர்ந்து எடுத்தால் அது வலியை மறைத்துக்கொண்டே எலும்பைக் கரைக்கும்.

எலும்பைப் பொறுத்தவரை ஆதாரம் இன்னும் தெளிவு. உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் தேவை என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வரையறுத்தது. அதற்குமுன் 600 ஆக இருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தின் பெருமை ஆரணி அரிசி. ஆனால் நூறு கிராம் அரிசியில் கால்சியம் பத்து மில்லிகிராம்கூட இல்லை. கேழ்வரகில் சுமார் 360. இதை வைத்துச் சிறுதானியம் எல்லாமே எலும்புக்கு நல்லது என்று பேசுவது பெரிய பிழை. ஜவ்வாது மலையில் விளையும் சாமையில் நூறு கிராமுக்குச் சுமார் 16 மில்லிகிராம்தான். சாமைக்கு வேறு நற்குணங்கள் உண்டு. கால்சியத்தில் அது அரிசியின் உறவு. கேழ்வரகு மட்டும்தான் தனி ஜாதி.

கேழ்வரகிலும் ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினாலும் புளிக்க வைத்தாலும் அந்தப் பிடி தளரும். முந்தின இரவே மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டுக் காய்ச்சும் ஆடி மாதக் கூழில் அந்த வேலை நடந்துவிடுகிறது. 1959இல் வெளியான ஆய்வில், மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தினர் ஏழைச் சிறுமிகளின் உணவில் அரிசிக்குப் பதில் கேழ்வரகைக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்கள் உடம்பில் கால்சியம் கூடுதலாகத் தங்கியது. அகத்திக்கீரையில் நூறு கிராமுக்குச் சுமார் 900, முருங்கைக்கீரையில் 300க்கு மேல். அமாவாசையன்று பசுவுக்குக் கொடுக்கும் அகத்திக்கட்டில் ஒரு பிடி வீட்டுக்கும் எடுத்து வைக்கலாம். இரண்டு டம்ளர் பாலில் ஏறக்குறைய 400, ஐம்பது கிராம் கேழ்வரகில் காய்ச்சிய கூழில் 180. மீதியைத் தயிரும் கீரையும் எள்ளும் ஈடுகட்டும்.

கால்சியம் மாத்திரைக் கதை இன்னும் நுணுக்கமானது. 1992இல் வெளியான ஆய்வில், பிரான்சின் முதியோர் இல்லங்களில் 3,270 மூதாட்டிகளுக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்தபோது இடுப்பெலும்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது. 2006இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவில் 36,282 பெண்களுக்குக் கொடுத்தபோது இடுப்பெலும்பு முறிவில் உறுதியான குறைவு தெரியவில்லை. சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. வேறுபாடு மாத்திரையில் மட்டும் இல்லை. பிரெஞ்சு மூதாட்டிகள் வெயில் படாமல், குறைவாக உண்டு வாழ்ந்தவர்கள். அமெரிக்கப் பெண்களில் பலருக்கு ஏற்கனவே போதிய அளவு கிடைத்துக்கொண்டிருந்தது. குறை உள்ளவருக்கு மருந்தாவது, நிறைந்தவருக்கு வெறும் செலவு. மாத்திரை இல்லாமல் உணவாலேயே முறிவைக் குறைக்கலாம் என்பதற்கும் சான்று உண்டு. 2021இல் வெளியான ஆய்வில், ஆஸ்திரேலியாவின் 60 முதியோர் இல்லங்களில் சுமார் 7,000 பேரிடம், பாதி இல்லங்களில் பால், தயிர், சீஸ் கூடுதலாகப் பரிமாறினார்கள். அங்கே எலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

வைட்டமின் டி உணவில் குறைவு. மீனிலும் முட்டை மஞ்சள் கருவிலும் கொஞ்சம் உண்டு. மீதி வெயிலிலிருந்து வர வேண்டும். திருவண்ணாமலையில் ஆண்டு முழுதும் வெயில் காய்கிறது. இருந்தும் பக்கத்துத் திருப்பதி வட்டாரத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, ஆரோக்கியமான மக்களிடமே கால்சியமும் வைட்டமின் டியும் குறைந்திருப்பதைக் காட்டியது. வெயிலில் உழைக்கும் கிராமத்தாருக்கு நகரத்தாரைவிட நிலைமை தேவலை. வைட்டமினை உண்டாக்கும் கதிர் உச்சி வெயிலை ஒட்டிய நேரத்தில்தான் நன்றாக விழும். சூட்டுக்குப் பயந்து இரவில் மலை சுற்றுகிறவருக்கும் நாள் முழுதும் கடைக்குள் உட்கார்ந்திருப்பவருக்கும் அது கிடைக்காது.

பருவமெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களி கொடுப்பது ‘இடுப்பெலும்புக்கு’ என்பார்கள். உளுந்தில் கால்சியம் அதிகமில்லை. நூறு கிராமில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அரிசிச் சோறே பிரதானமான வீட்டில் வளரும் பெண்ணுக்கு அந்தப் புரதமும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் தரும் சக்தியும் பெரிய உதவி. வழக்கம் சரி, சொன்ன காரணம்தான் வேறு. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்தியக் கணக்கு. அறுபது கிலோ உள்ளவருக்கு ஐம்பது கிராம். முதியவர்களுக்குக் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல் வேண்டும் என்று நிபுணர் குழுக்கள் சொல்கின்றன. நம் வீடுகளிலோ வயதாக ஆக இரவுக்கு இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் கஞ்சியும் போதும் என்று அவர்களே சுருக்கிக்கொள்கிறார்கள்.

உணவால் மட்டும் தசை வராது என்பதை பாஸ்டனில் நடந்து 1994இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சராசரியாக 87 வயதான, தளர்ந்த நூறு பேர். சிலருக்குச் சத்துப் பானம் மட்டும், சிலருக்கு எடை தூக்கும் பயிற்சி, சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டுமில்லை. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் தசை வலு இரு மடங்குக்கு மேல் ஆனது. பானம் மட்டும் குடித்தவர்களுக்கு எதுவும் மாறவில்லை.

முட்டிக்கு உணவால் ஆகும் மிகப் பெரிய உதவி, ஆதாரத்தின்படி, எடையைக் குறைப்பது. பருமனான, முழங்கால் தேய்ந்த முதியவர்களை நடக்கவைத்து அளந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. கிரிவலத்தின் 14 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இருபதாயிரம் அடி. ஒரு காலுக்குப் பத்தாயிரம். ஈசான்ய லிங்கத்தைக் கடந்து ராஜகோபுரத்துக்குத் திரும்புவதற்குள், ஒரே ஒரு கிலோ குறைந்தவரின் ஒவ்வொரு முட்டியும் மொத்தத்தில் நாற்பதாயிரம் கிலோ பாரத்தைக் குறைவாகச் சுமந்திருக்கும்.