கம்பியில்லாக் காதொலிப்பான்களின் செயற்றிறன்: நீர்வேலியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஒரு பொருளின் தரம் பற்றிய மதிப்பீடு அப்பொருளின் இயல்போடு மதிப்பிடுவோரின் வாழ்நிலையையும் சேர்த்தே வெளிப்படுத்துகிறது. இலக்கியத் திறனாய்விலே நாம் நன்கறிந்த இவ்வுண்மை அன்றாடப் பாவனைப் பொருள்களுக்கும் பொருந்தும். மக்கள் வழக்கில் 'இயர்பட்' எனப்படும் கம்பியில்லாக் காதொலிப்பான்கள் இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமங்களிலும் புழக்கத்துக்கு வந்துவிட்டன. அவற்றுள் உயர்தரமானவை எனப்படுவனவற்றின் செயற்றிறனை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் வீதியிலே கோப்பாயை அடுத்துள்ள நீர்வேலியை இதற்குக் களமாகக் கொள்கிறோம். வாழைத் தோட்டங்களுக்குப் பேர்பெற்ற செம்மண் ஊர் அது. தோட்டத்தில் உழைப்போர், மாணவர், புலம்பெயர்ந்த உறவினரை உடையோர் எனப் பலவகைக் கேட்போர் அங்கு ஒருங்கே வாழ்வதால், தரம் என்னும் கருத்தைச் சோதித்துப் பார்க்க அது பொருத்தமான இடமாகும்.

1. வழக்கிலுள்ள அளவுகோல்கள்

இயர்பட்டுகளைப் பற்றிய மதிப்பீடுகள் பொதுவாக நான்கு அளவுகோல்களைக் கொள்வன. ஒலித்தரம், இரைச்சல் நீக்கம், அழைப்பின்போது குரலின் தெளிவு, பற்றறி தாக்குப்பிடிக்கும் நேரம் என்பனவே அவை.

ஒலித்தரத்தை அளப்போர், கருவி எந்த மீடிறனை எவ்வளவு உரப்பாக ஒலிக்கிறது என்பதை வரைபாக வரைந்து, அதனை ஓர் இலக்கு வரைபோடு ஒப்பிடுவர். இன்று பெரிதும் எடுத்தாளப்படும் இலக்கு, ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஷோன் ஒலிவ் முதலியோர் 2012ஆம் ஆண்டளவிலிருந்து நடத்திய ஆய்வுகளின் விளைவாகும். கேட்போர் பலரின் விருப்பத்தைச் சோதித்து அவர்கள் அதனை வகுத்தனர். ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஜேர்மனி, சீனா ஆகிய நாடுகளின் கேட்போர் அச்சோதனைகளிற் பங்குகொண்டனர். அறிவியல் முறை வழுவாத முயற்சி என்பதில் ஐயமில்லை. எனினும் அங்கு அளக்கப்பட்டது விருப்பம் என்பதும், விருப்பம் பழக்கத்தினால் உருவாவது என்பதும் மனங்கொள்ளத்தக்கன. நாதசுரத்தின் கூரிய மேற்சுரங்களையும், தவிலின் வலந்தலையில் எழும் சடுதியான அடியையும் கேட்டு வளர்ந்த செவிக்கு அவ்விலக்கு எவ்வளவு பொருந்தும் என்பது தனியே கேட்கப்படவேண்டிய வினா. 1975இல் மறைந்த யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் ஒலிப்பதிவொன்றை இயக்கிப் பார்த்து ஒரு கருவியை மதிப்பிடுவது, எந்த மேனாட்டு இசைத்தட்டைக் கொண்டு மதிப்பிடுவதற்கும் குறைந்ததாகாது.

இரைச்சல் நீக்கத்தின் அடிப்படை எளியது. கருவியிலுள்ள நுண் ஒலிவாங்கி வெளியோசையைப் பற்றுகிறது. அதற்கு நேரெதிரான அலையொன்று உடனே ஆக்கப்பட்டுச் செவியினுட் செலுத்தப்படுகிறது. இரு அலைகளும் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஜேர்மனியரான பவுல் லூக் 1936ஆம் ஆண்டிலேயே இதற்கு ஐக்கிய அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். 1989இல் போஸ் நிறுவனம் இம்முறையினை விமானிகளுக்கான கருவியாக விற்பனைக்கு விட்டது. அப்பிள் நிறுவனத்தின் 'எயார்பொட்ஸ் புரோ' 2019இல் வெளிவந்தபின் இது பெருஞ்சந்தைப் பண்டமாயிற்று. இம்முறை விமானம், எஞ்சின், மின்விசிறி போன்றவற்றின் தாழ்ந்த, இடையறாத ஓசையினையே சிறப்பாக நீக்கவல்லது. ஏறக்குறைய 1,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஓசைகளைத் தடுப்பது பெரும்பாலும் காதை அடைக்கும் மென்முனையே.

2. கேட்டலின் சமூக வரலாறு

இவ்வளவுகோல்கள் யாவும் தனியொருவர் தமக்கெனக் கேட்பதை இயல்பான நிலையாகக் கொள்கின்றன. யாழ்ப்பாணக் கிராமங்களின் வரலாற்றை நோக்குமிடத்துக் கேட்டல் நெடுங்காலம் கூட்டுச் செயலாகவே இருந்தது. கோயில்களிலே ஒருவர் படிக்க மற்றொருவர் பயன்சொல்ல நிகழ்ந்த புராண படனம் அதன் ஒரு வடிவம். சனசமூக நிலையத்து வானொலி பிறிதொரு வடிவம். இக்கூட்டுக் கேட்டலைப் பொற்காலமாக எண்ணி மயங்குதல் தகாது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது என்பதை நினைவுகூர்ந்தால், யார் எங்கே நின்று கேட்கலாம் என்பதைச் சாதியமைப்பு வரையறுத்திருந்தமை புலனாகும். ஒலிபெருக்கியின் ஓசை கோயில் மதிலைத் தாண்டியது. கேட்போருள் ஒருசாரார் தாண்ட இயலவில்லை.

திரான்சிஸ்டர் வானொலி கேட்டலைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தது. 1990இல் மீண்டும் போர் மூண்டபின் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பொருளாதாரத் தடையின்கீழ்ப் பற்றறிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. அப்போது மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து பெற்ற மின்னால் வானொலியை இயக்கிச் செய்தி கேட்டனர். ஒருவர் சுற்றப் பலர் கேட்டனர். பீ.பீ.சி. தமிழோசையின் தெளிவு அன்று சுற்றுபவரின் கைவலிமையிலும் தங்கியிருந்தது.

இந்நிகழ்ச்சி இரு உண்மைகளை உணர்த்துகிறது. ஒரு கேட்பொறியின் செயற்றிறன் அதற்கு வலுவளிக்கும் மூலத்திலிருந்து பிரிக்கவியலாதது என்பது முதலாவது. அந்த வானொலியைத் திறக்கவும், அதன் கம்பியைப் பிரித்து வேறொன்றோடு இணைக்கவும் இயன்றமையாலேயே அது தொடர்ந்து பயன்பட்டது என்பது இரண்டாவது. இன்றைய இயர்பட்டினை மதிப்பிடும்போது நாம் பெரிதும் மறப்பவை இவ்விரண்டுமே.

3. இரைச்சலும் உழைப்பும்

வாழைக்கு நீர் இறைக்கும் இயந்திரத்தின் ஓசை, இரைச்சல் நீக்கம் மிகத் திறம்படக் கையாளும் தாழ்ந்த ஓசை வகையைச் சேர்ந்தது. ஆகவே சோதனைக்கூட அளவுகோலின்படி தோட்டத்திலே இக்கருவி மிக உயர்ந்த புள்ளிகளைப் பெறும். ஆயின் இறைக்கும் உழைப்பாளிக்கு அவ்வோசை ஒரு செய்தியாகும். கிணற்றில் நீர் வற்றிக் குழாய் காற்றை இழுப்பதையும், எரிபொருள் தீர்வதையும் அவர் செவியாலேயே அறிகிறார். பயணிக்கு இரைச்சலாக அமைவது உழைப்பாளிக்கு அறிவாக அமைகிறது. அவரளவிலே, கருவியின் மிகுந்த திறமை அதன் குறையாக மாறுகிறது.

மறுபுறத்தில் இரைச்சல் நீக்கத்தின் உண்மையான பயன்பாட்டுப் பெறுமதியை மறுத்தல் வரட்டுவாதமாகும். பேருந்தின் எஞ்சின் ஓசையையும் பாட்டோசையையும் மேவிக் கேட்கவேண்டி இளைஞர் ஒலியை உயர்த்துகின்றனர். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட பாதுகாப்பான கேட்டலுக்கான நியமத்தின்படி, வளர்ந்தோர் வாரமொன்றில் 80 டெசிபல் அளவில் 40 மணித்தியாலம் கேட்கலாம். சிறுவர்க்கு அவ்வளவு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலில் வாரம் முழுவதற்கும் உரிய நேரம் ஏறக்குறைய 4 மணித்தியாலம் மாத்திரமே. புறவோசை நீங்கினால் தாழ்ந்த அளவிலே கேட்கலாம். எனவே நல்ல இரைச்சல் நீக்கம் செவியின் காவலுமாகும். இழந்த செவிப்புலன் நுகர்வோர்க்குத் திரும்பக் கிடைப்பதில்லை என்பதால் இதனை இசைச்சுவையிலும் முற்பட்ட அளவுகோலாகக் கொள்ளல் தகும்.

4. குரலின் தெளிவு

நீர்வேலி போன்றதோர் ஊரில் இயர்பட்டின் முதன்மையான பயன்களுள் ஒன்று, ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் உறவினரோடு உரையாடுவது. மதிப்பீடுகள் பெரும்பாலும் இசையையே முன்னிறுத்துகின்றன. சொனி நிறுவனத்தின் 'எல்டக்' என்னும் குறிமுறை வினாடிக்கு 990 கிலோபிற் வரை அனுப்பவல்லது என்று விதந்துரைக்கப்படுவது இசைக்கு மட்டுமே உரியது. அழைப்பின்போது ஒலிவாங்கியும் இயங்கவேண்டியிருப்பதால், புளூடூத் இணைப்பு பொதுவாக வேறொரு முறைக்கு மாறுகிறது. அம்முறையின் பழைய வடிவம் ஒலியை வினாடிக்கு 8,000 தடவையும், பின்வந்த வடிவம் 16,000 தடவையும் மாத்திரமே மாதிரியெடுக்கின்றன. அதிக விலைகொண்ட கருவியும் குறைந்த விலைகொண்ட கருவியும் இவ்விடத்திலே பெரும்பாலும் ஒரே வாயிலினூடாகவே செல்லவேண்டியுள்ளன. எஞ்சும் வேறுபாடு ஒலிவாங்கிகளின் அமைப்பிலும், காற்றோசையிலிருந்து குரலைப் பிரிக்கும் திறனிலுமே தங்கியுள்ளது.

தமிழ்ப் பேச்சொலிகளின் இயல்பையும் இங்குக் கருதவேண்டும். யாழ்ப்பாணப் பேச்சிலே ழகரமும் ளகரமும் பலரிடத்து ஒன்றுபடினும், லகர ளகர வேறுபாடும் னகர ணகர வேறுபாடும் உறுதியாக நிலவுகின்றன. நாவளைந்து பிறக்கும் ஒலிகளை ஏனையவற்றிலிருந்து பிரித்துக்காட்டும் கூறுகள் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹேர்ட்ஸை அண்டிய பகுதியில் அமைவன. ஒலி மிகையாகச் சுருக்கப்படும்போதும், குரலைக் காற்றிலிருந்து பிரிக்கும் முயற்சியின்போதும் அவை எளிதிற் பாதிக்கப்படலாம். ஆகவே வாங்குவோர் செய்யத்தக்க எளிய சோதனையொன்றைக் கூறலாம். வீதியோரத்தில் நின்று அழைப்பெடுத்து, மனம், மணம், பல்லி, பள்ளி, பத்து, பட்டு என்னும் சொற்களை ஒழுங்கு மாற்றிக் கூறி, மறுமுனையிலுள்ளவரை எழுதச் சொல்லலாம். பிழையின்றி எழுதப்பட்டால் அக்கருவி தமிழுக்குத் தகுதியுடையது.

5. பற்றறியும் பண்டமும்

அப்பிளின் இரண்டாம் தலைமுறை எயார்பொட்ஸ் புரோ இரைச்சல் நீக்கத்துடன் 6 மணித்தியாலமும், சொனி 2023இல் வெளியிட்ட உயர்தரக் கருவி 8 மணித்தியாலமும் இயங்கும் என அந்நிறுவனங்கள் கூறுகின்றன. இவை புதிய கருவிக்குரிய எண்கள். லிதியம் அயன் பற்றறி பொதுவாகச் சில நூறு முழுமையான மின்னேற்றங்களின் பின்னர்த் தன் கொள்ளளவிற் குறிப்பிடத்தக்க பங்கை இழக்கும். வெப்பம் அவ்விழப்பை விரைவாக்கும். நாள்தோறும் பயன்படுத்தும் ஒருவர்க்கு இது இரண்டு மூன்று ஆண்டுகளிலே உணரத்தக்கதாகும். கருவியின் ஏனைய உறுப்புகள் அப்போதும் பழுதின்றியே இருக்கும். ஆயினும் பெரும்பாலான இயர்பட்டுகளின் பற்றறி பசையால் ஒட்டி மூடப்பட்டிருப்பதால், உடைக்காமல் அதனை மாற்ற இயலாது. திருத்தகைமையை ஆராயும் ஐஃபிக்ஸிற் என்னும் அமைப்பு எயார்பொட்ஸ் வகைக்குப் பத்துக்குப் பூச்சியம் வழங்கியமை இதன்பொருட்டே.

இதனைப் பொருளாதார அடிப்படையில் நோக்குவோம். இரண்டாம் தலைமுறை எயார்பொட்ஸ் புரோ 2022இல் 249 அமெரிக்க டொலர் விலையில் வெளிவந்தது. 2025இல் ஒரு டொலர் ஏறக்குறைய 300 ரூபாவாக இருந்தது. அக்கணக்கின்படி, இறக்குமதி வரிகளைச் சேர்க்காமலே, அத்தொகை 74,700 ரூபா. இலங்கையின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இரண்டரை மாதத்துக்கும் மேற்பட்ட உழைப்பு அப்போது ஒரு சோடிக் கருவிக்கு ஈடாக இருந்தது. அது இரண்டு ஆண்டு பயன்பட்டால் மாதச் செலவு ஏறத்தாழ 3,110 ரூபா. பற்றறியை மாற்றி ஆறு ஆண்டு பயன்படுத்த இயலுமாயின், புதிய பற்றறியின் விலை நீங்கலாக, அது ஏறத்தாழ 1,040 ரூபாவாகக் குறையும். கருவியின் ஒலி இரு நிலையிலும் ஒன்றே. வேறுபடுவது அதனைத் திறக்க இயலுமா என்பது மாத்திரமே.

பற்றறியை மாற்ற இயலாமை தொழினுட்பத்தின் தவிர்க்கவொண்ணா விதி என்று கூறுவோருக்கு நடைமுறையே விடையளித்துள்ளது. ஒல்லாந்தைச் சேர்ந்த ஃபெயார்போன் நிறுவனம் 2024இல் பற்றறி மாற்றத்தக்க இயர்பட்டுகளை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறைவேற்றிய பற்றறி ஒழுங்குவிதி, சில விதிவிலக்குகளுடன், 2027 பெப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பற்றறிகளைப் பாவனையாளரே அகற்றி மாற்றத்தக்கதாக இருக்கவேண்டும் என விதிக்கிறது. ஆகவே மூடிய பற்றறி மறுவிற்பனையை விரைவுபடுத்தும் ஒரு தெரிவாகும். கொங்கோவிற் கோபால்ற்று அகழ்வோரினதும், சீனாவிலும் வியட்நாமிலும் உறுப்புகளைப் பொருத்துவோரினதும் உழைப்பு இப்பண்டத்தினுள் உறைந்துள்ளது. பசையால் மூடப்பட்ட அதன் மேற்பரப்பு, பழுதுபட்ட பகுதியை மட்டுமன்றி அவ்வுழைப்பையும் கண்ணிலிருந்து மறைக்கிறது.

இப்பண்டத்தினுள்ளே சமூகப் பயன் மிக்க ஆற்றல் அடங்கியுள்ளமையும் குறிப்பிடத்தக்கது. 2024 செப்டெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம், எயார்பொட்ஸ் புரோவை மிதமான செவிக்குறைபாடு உடைய வளர்ந்தோர்க்குச் செவித்துணைக் கருவியாக ஆக்கும் மென்பொருளுக்கு அனுமதி வழங்கியது. இசைக்கென விற்கப்பட்ட பொருள் முதியோரின் துணையாக மாறக்கூடும் என்பது இதனாற் பெறப்படும். ஆயின் இரு ஆண்டுகளிற் சோரும் பற்றறியை நம்பி ஒரு முதியவர் தம் செவியை ஒப்படைக்கலாமா என்ற வினா உடனே எழுகிறது. பயன்பாட்டுப் பெறுமதிக்கும் பரிமாற்றுப் பெறுமதிக்கும் இடையிலான முரண்பாடு இதைவிடத் தெளிவாக வெளிப்படும் இடம் அரிது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால், உயர்தரம் என்பது கருவியோடு பெட்டியில் அடைத்து வருவதன்று, கருவிக்கும் கேட்போரின் உழைப்பு, மொழி, வாழ்நிலை என்பவற்றுக்கும் இடையே நிலவும் உறவு என்பது பெறப்படும். அதன்படி ஐந்து வினாக்களை முன்வைக்கலாம். பேச்சின் தமிழ் ஒலிகள் மயங்காமல் வருகின்றனவா? தாழ்ந்த அளவிலே கேட்டாலும் பொருள் விளங்குகிறதா? சூழலின் ஓசையை வேண்டியபோது எளிதில் உள்ளே விட இயலுமா? பற்றறியை மாற்றலாமா? மாதத்துக்கு எவ்வளவு செலவாகிறது? இவற்றுள் முதல் மூன்றிற்கு விலைமிக்க கருவிகள் சில சிறந்த விடை தரக்கூடும். நான்காவதில் அவற்றுட் பெரும்பாலானவை தோற்கின்றன. அத்தோல்வியே ஐந்தாவதன் விடையை நிர்ணயிக்கிறது.

தனியொருவர் கடையில் நின்று ஆற்றத்தக்கது தெரிவு மாத்திரமே. திருத்தும் உரிமை கூட்டாகக் கோரிப் பெறவேண்டியது. ஐரோப்பாவிலே சட்டமாகிய ஒன்றை இலங்கையின் நுகர்வோரும் திருத்துநரும் கேட்கலாகாது என்பதற்கு நியாயம் எதுவுமில்லை. சைக்கிள் டைனமோவால் வானொலியை இயக்கிய சமூகத்துக்குக் கருவிகளின் உள்ளமைப்பை அறியும் ஆற்றல் புதிதன்று. அவ்வாற்றல் தொழிற்படுவதற்குரிய வழியைத் திறந்துவைப்பதே இன்று செய்யவேண்டியது.