தவக்காலம்: நாற்பது நாளும் பேர் விழட்டும்



மாரியம்மன் திருவிழா, தீபாவளி, தைப்பொங்கல் என்றால் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதே லயங்களில் நம்மோடு குடியிருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் வருஷத்தில் ஒரு முக்கியமான காலம் உண்டு. அதுதான் தவக்காலம். தபசு காலம் என்றும், சில சபைகளில் லெந்து காலம் என்றும் சொல்வார்கள். இதை எப்படி அனுசரிப்பது, வேலைக்குப் போகிறவர்களால் முடியுமா என்று பல பேர் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், பக்கத்து வீட்டுக்காரர் ஏன் நோன்பு இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள விரும்பும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

நாற்பது நாள் கணக்கு

தவக்காலம் விபூதிப் புதனன்று தொடங்குகிறது. சாம்பல் புதன் என்பதும் அதுதான். போன வருஷக் குருத்து ஞாயிற்றில் ஆசீர்வதித்த ஓலைகளை எரித்து, அந்தச் சாம்பலை நெற்றியில் பூசுவார்கள். மனுஷன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே போகிறவன் என்பதை அது ஞாபகப்படுத்துகிறது.

அன்று முதல் உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை வரை எண்ணிப் பார்த்தால் 46 நாள் வரும். இதில் 6 ஞாயிற்றுக்கிழமைகள் நோன்புக் கணக்கில் சேராது. மீதி 40 நாள். இயேசுநாதர் வனாந்தரத்தில் 40 நாள் நோன்பு இருந்ததை நினைத்து வைத்த கணக்கு இது. கி.பி. 325 இல் நிசேயா நகரில் கூடிய சங்கத்தின் விதிகளிலேயே இந்த நாற்பது நாள் பற்றிய பேச்சு இருக்கிறது.

வருஷா வருஷம் திகதி மாறுவது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மார்ச் 21 இலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறே உயிர்த்த ஞாயிறு. போயா கலண்டர் பார்த்துப் பழகிய நமக்கு இது லேசாக விளங்கும். 2025 இல் விபூதிப் புதன் மார்ச் 5, உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 20. 2026 இல் அவை பெப்ரவரி 18, ஏப்ரல் 5.

"எங்களுக்கு என்ன ஐயா நோன்பு?"

தவக்காலத்துக்கு மூன்று தூண்கள்: ஜெபம், நோன்பு, தர்மம். இதில் நோன்பைப் பற்றித்தான் பெரிய கேள்வி வருகிறது. "வருஷம் பூராவும் ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும்தான். இதில் எதை ஐயா விடச் சொல்லுறீங்க?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். கத்தோலிக்க திருச்சபையில் ஒருசந்தி கட்டாயமாக இருக்க வேண்டிய நாட்கள் இரண்டுதான். விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும். அன்றும் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. ஒரு வேளை நிறையச் சாப்பிட்டு, மற்ற இரண்டு வேளை கொஞ்சமாகச் சாப்பிடலாம். இது 18 வயது முடிந்தவர்களுக்கு, 59 வயது முடியும் வரை. வெள்ளிக்கிழமைகளில் மாமிசம் விடுவது 14 வயது முடிந்தவர்களுக்கு. நோயாளி, கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், கடின வேலை செய்கிறவர் ஆகியோருக்கு ஒருசந்தியில் விலக்கு உண்டு.

பாப்பரசர் ஆறாம் பவுல் 1966 இல் தபசு பற்றி வெளியிட்ட ஆவணத்தில் இந்தக் கேள்விக்கு இடம் கொடுத்திருக்கிறார். வசதியுள்ள நாட்டார் தங்களைக் குறைத்துக்கொண்டு இல்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும். வசதி குறைந்த இடத்தில் வாழ்கிறவர்கள், நியாயமான வாழ்வுக்காகப் பாடுபட்டுக்கொண்டே, தாங்கள் படும் கஷ்டத்தைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கலாம் என்பதே அதன் கருத்து.

ஆகவே, கொழுந்து எடுக்கும் தாய்மாரே, வெறும் வயிற்றோடு மலை ஏறாதீர்கள். இரத்தச் சோகை உள்ளவர் காலைச் சாப்பாட்டை விட்டால் தலை சுற்றி விழுவார். சீனி வருத்தம், பிறசர் உள்ளவர்கள் மருந்தை நிறுத்தவே கூடாது. டிஸ்பென்சரியில் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றவும் வேண்டாம். உடம்பைக் கெடுத்துக்கொள்வது தவம் ஆகாது.

அப்படியென்றால் எதை விடுவது? வீட்டுக்கு எது பாரமோ அதை விடுங்கள். சம்பள நாளில் தவறணைக்குப் போகும் கால், பிள்ளையைத் திட்டும் வாய், பக்கத்து வீட்டோடு பேசாத வீம்பு, இவையெல்லாம் நோன்பு இருக்க வேண்டியவை. ஒரு நாளைக்கு 50 ரூபாய் சாராயத்திலோ வெற்றிலை, சுருட்டிலோ மிச்சம் பிடித்தால் 40 நாளில் 2,000 ரூபாய். அதை உண்டியலில் போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் அயலவரின் பஸ் காசுக்கோ, ஒரு பிள்ளையின் கொப்பி வாங்கவோ கொடுங்கள். நோன்பும் தர்மமும் சேர்ந்து நடப்பது இப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை. பல வருஷமாக தினமும் நிறையக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரலாம். அப்படிப்பட்டவர் டொக்டரைக் கண்டு நிறுத்துவதே நல்லது.

ஆண்களுக்கு இன்னொன்று. ஐயா ஒருசந்தி இருக்க, அம்மா இரண்டு தரம் சமைக்கிறார் என்றால் யாருடைய தவம் அது? நோன்பு நாளில் தண்ணீர் எடுப்பதையும் விறகு பிளப்பதையும் நீங்களே செய்து பாருங்கள்.

ஒவ்வொரு நாளும் பத்து நிமிஷம்

முதல் வாரம் கோயில் நிறைந்திருக்கும், மூன்றாம் வாரம் பாதி காலி. நாற்பது நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதில்தான் பலன் இருக்கிறது. காலையில் ஐந்து நிமிஷம், இரவில் ஐந்து நிமிஷம் போதும்.

காலையில் அடுப்படி வேலை, பிள்ளை மடுவம், பிரட்டு என்று ஓடுகிறவர்கள் மலைக்கு ஏறும் பாதையிலேயே ஜெபிக்கலாம். அன்றைக்குச் செய்யப்போகும் ஒரே ஒரு நல்ல காரியத்தை முடிவு செய்யுங்கள். "இன்னைக்கு மாமியாரோட சத்தம் போட மாட்டேன்" என்பது போதும்.

இரவில் கணக்குப் பார்க்க வேண்டும். புனித லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) கற்றுக்கொடுத்த வழி இதற்கு லேசானது. ஒன்று, இன்று கிடைத்த நன்மைக்கு நன்றி சொல்வது. இரண்டு, உண்மையைப் பார்க்க வெளிச்சம் கேட்பது. மூன்று, காலையிலிருந்து நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்ப்பது. நான்கு, பிழைக்கு மன்னிப்புக் கேட்பது. ஐந்து, நாளைக்கு என்ன செய்வது என்று தீர்மானிப்பது.

செக்றோலில் நமக்குப் பேர் விழுந்ததா என்று பார்க்கிறோம் அல்லவா? அது போலத்தான் இதுவும். ஒரு நாள் அரைப்பேர்தான் என்றால் மனம் விட்டுவிட வேண்டாம். அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் இருக்கிறோமா?

வாரம் ஒரு வாசகம்

வாசிக்கத் தெரியாத பாட்டி தாத்தா இருந்தால் பேரப்பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும்.

முதல் வாரம்: மத்தேயு 4. இயேசு சோதிக்கப்பட்டது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் நான் விழுகிறேன் என்று யோசியுங்கள். அந்தப் பாதையை மாற்றுங்கள்.

இரண்டாம் வாரம்: மத்தேயு 6. தர்மம், ஜெபம், நோன்பு மூன்றையும் ஊர் பார்க்கச் செய்ய வேண்டாம் என்பது போதனை. யாருக்கும் தெரியாமல் ஒரு உதவி செய்யுங்கள்.

மூன்றாம் வாரம்: எசாயா 58. பசித்தவனுக்கு உணவைப் பகிர்வதும், அநியாயமாகக் கட்டப்பட்டவனை விடுவிப்பதும்தான் கடவுள் விரும்பும் நோன்பு என்று தீர்க்கதரிசி சொல்கிறார். கடன் கொடுத்தவர்கள் இதை இரண்டு தரம் வாசிக்கலாம்.

நான்காம் வாரம்: லூக்கா 15. ஊதாரி மகனின் கதை. வீட்டை விட்டுக் கொழும்புக்குப் போய்த் தொடர்பு இல்லாத பிள்ளை இருந்தால் அவர்களைத் தேடிப் பேசுங்கள்.

ஐந்தாம் வாரம்: மத்தேயு 18. பெரிய கடன் மன்னிக்கப்பட்டவன் சின்னக் கடனை மன்னிக்காத கதை. பீலித் தண்ணீருக்கும் கோழிக்கும் சண்டை போட்டு வருஷக்கணக்காக முகம் பார்க்காத வீடுகள் நம் லயங்களில் உண்டு. முதல் வார்த்தையை யார் பேசுவது? நோன்பு இருக்கிறவர்தான் பேச வேண்டும். இந்த நாற்பது நாளில் மிகக் கஷ்டமான வேலை இதுதான்.

பெரிய வாரம்: யோவான் 13. இயேசு சீஷர்களின் காலைக் கழுவியது. நாள் முழுதும் மலையில் நின்று வந்த மனைவியின் காலுக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்கும் கணவருக்குப் பெரிய வியாழனின் அர்த்தம் விளங்கும்.

பிற மதத்து உறவுகளுக்கு

கந்தசஷ்டி விரதம் இருப்பவர்களும், ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களும், ரமழான் நோன்பு பிடிக்கிறவர்களும் இதை உடனே புரிந்துகொள்வார்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் குடியை விட முயற்சி செய்கிறார் என்றால் "ஒரு கிளாஸ் மட்டும் போடு மச்சான்" என்று கூப்பிட வேண்டாம். அதுவே பெரிய உதவி.

உயிர்த்த ஞாயிறு காலையில் புது உடுப்பு எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் கடனில்லாத சம்பளச் சீட்டு, சத்தமில்லாத வீடு, மறுபடி பேசத் தொடங்கிய அயல் வீடு, இவற்றில் ஒன்றாவது கிடைத்தால் தவக்காலம் பலன் தந்திருக்கிறது என்று அர்த்தம். இடையில் சேர்ந்தாலும் பரவாயில்லை. இன்று இரவே ஐந்து நிமிஷம் உட்கார்ந்து உங்கள் கணக்கைப் பாருங்கள்.