நான்காம் படிவத்தில் எந்தப் பாடம்?

மூன்றாம் படிவம் முடியும் நேரத்தில் உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து ஒரு தாளைக் கொண்டு வந்து நீட்டும். "கையெழுத்துப் போடுங்கம்மா, நாளைக்குக் கொடுக்கணும்" என்று அவசரப்படுத்தும். செம்பனைக் காட்டில் வேலை முடித்து வந்த களைப்பில், "படிக்கிற பிள்ளைக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகிறது" என்று நீங்களும் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். பெற்றோர்களே, சற்றுப் பொறுங்கள். அது நான்காம் படிவத்தில் எடுக்கப் போகும் பாடங்களின் பட்டியல். பின்னாளில் எந்தக் கல்லூரிக்கு மனுப் போட முடியும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்ததே.

நம் பெற்றோர் காலத்தில் எல்.சி.இ., நம் காலத்தில் பி.எம்.ஆர். என்று அரசாங்கத் தேர்வு இருந்தது. அதன் முடிவைப் பார்த்து அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று பள்ளியே பிரித்துவிடும். 2020 முதல் அந்தப் பிரிவுகள் போய்ப் பாடத் தொகுப்புகள் வந்துவிட்டன. பி.டி.3 தேர்வும் 2022-இல் ரத்தாகிவிட்டது. ஆகவே தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் நம் பங்கு கூடியிருக்கிறது.

மலாய், ஆங்கிலம், கணிதம், வரலாறு எல்லாருக்கும் உண்டு. மலாய்மொழியோடு, 2013 முதல் வரலாற்றிலும் தேறினால்தான் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்கும். மற்றப் பாடங்களில்தான் கவனம் வேண்டும். பொறியியலுக்குப் போக நினைக்கும் பிள்ளை கூடுதல் கணிதத்தையும் பௌதிகத்தையும் விடக்கூடாது. மருத்துவம் படிக்க ஆசைப்பட்டால் உயிரியல், இரசாயனம், பௌதிகம் மூன்றும் தேவை. மெட்ரிகுலேஷனில் அறிவியல் படிக்கவும் கூடுதல் கணிதமும் இரசாயனமும் கேட்பார்கள். "கூடுதல் கணிதம் கஷ்டமாம், கூட்டாளிகள் யாரும் எடுக்கவில்லை" என்று இன்று விட்டுவிட்டு, எஸ்.பி.எம். முடிந்த பிறகு வருந்தி என்ன பயன்?

அதற்காக எல்லாப் பிள்ளைகளையும் டாக்டராக்கத் துடிக்கவும் வேண்டாம். கணக்கில் கெட்டிக்காரப் பெண்ணுக்குக் கணக்கியலும் பொருளியலும் நல்ல வழி. கைவேலையில் நாட்டமுள்ள பையன் மூன்றாம் படிவத்தோடு தொழிற்கல்லூரிக்கு மனுச் செய்யலாம். விருப்பமில்லாத பாடத்தைத் திணித்தால் இருக்கிற மார்க்கும் போய்விடும்.

தமிழை மட்டும் கைவிட வேண்டாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விரும்பும் பிள்ளை எஸ்.பி.எம்.மில் தமிழ் எழுதாமல் எப்படிப் போகும்? பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையா? 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்க வசதி செய்து தர வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே சொல்கிறது. பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக் கொண்டு கேளுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் ஒரு நாள் பள்ளிக்குப் போய் ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். மூன்று கேள்வி போதும். இந்தத் தொகுப்பை எடுத்தால் என் பிள்ளை என்னென்ன மேற்படிப்புக்குப் போகலாம்? எதற்குப் போக முடியாது? ஒத்துவராவிட்டால் எந்தத் தேதிக்குள் மாற்றலாம்? மலாய் சரளமாக வராது என்று தயங்காதீர்கள். பிள்ளையையே பேசச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். அரை நாள் சம்பளம் போகலாம். ஆனால், அப்பாவும் அம்மாவும் தனக்காக வந்து உட்கார்ந்ததை அந்தப் பிள்ளை மறக்காது.