பயோ கெமிஸ்ட்ரி படிச்சா என்ன வேலைங்க?



போன மாதம் நம் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு கடன் விண்ணப்பம் வந்தது. தொகை 20,000 ரூபாய். காரணம் எழுதும் இடத்தில் "மகள் கல்லூரிக் கட்டணம், பி.எஸ்சி. பயோ கெமிஸ்ட்ரி" என்று இருந்தது. மாட்டுக் கடன், வீட்டுக் கூரைக் கடன் என்றால் நம் பிரதிநிதிகள் ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிடுவார்கள். இதற்கு ஒரு மணி நேரம் ஆனது. "அது என்னங்க படிப்பு? டாக்டருக்கா, நர்சுக்கா?" என்று ஒருவர் கேட்டார். விண்ணப்பம் போட்ட அக்காவுக்கே சொல்லத் தெரியவில்லை. "டீச்சர் சொன்னாங்க, பொண்ணும் அதுதான் வேணும்னு நிக்குது" என்றார். "எங்க தெருவுல அதப் படிச்ச பொண்ணு சும்மாதான் உக்காந்திருக்கு" என்றார் இன்னொருவர். கடைசியில் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தோம்.

இதில் எங்கள் மீதும் ஒரு தவறு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு வந்த ஒரு உறுப்பினரிடம், "லேப்ல வேலை கிடைக்கும், தைரியமா சேருங்க" என்று நாங்கள்தான் சொன்னோம். அந்தப் பிள்ளையும் நன்றாகப் படித்து முடித்தாள். அரசு ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன் வேலைக்கு எழுதிப் போடப் போன போதுதான், அதற்கு மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் என்ற தனிப் படிப்பு வேண்டும், இந்தப் பட்டம் போதாது என்று தெரிந்தது. அந்த அம்மா எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அதனால் இந்த முறை கல்லூரி ஆசிரியர்களிடமும் படிக்கிற பிள்ளைகளிடமும் விசாரித்துவிட்டு எழுதுகிறோம்.

அடுப்படியில் நடப்பதுதான்

பயோ கெமிஸ்ட்ரி என்றால் தமிழில் உயிர்வேதியியல். உயிருள்ள உடம்புக்குள் நடக்கும் வேதி மாற்றங்களைப் பற்றிய படிப்பு. கேட்க பெரிதாக இருக்கும், ஆனால் அதில் பாதி நம் அடுப்படியில் நடக்கிறது. ராத்திரி ஆட்டி வைத்த மாவு காலையில் பொங்கி நிற்கிறதே, அது எப்படி? மாவில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சர்க்கரைப் பொருளைத் தின்று புளிப்பு அமிலத்தையும் காற்றையும் வெளிவிடுகின்றன. அந்தக் காற்றுதான் இட்லியை உப்பவைக்கிறது. வாழைக்காயை நறுக்கியதும் தண்ணீரில் போடுகிறோம், இல்லாவிட்டால் கறுத்துப்போகும். காயில் இருக்கும் ஒரு நொதி வெளிக்காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை அது. வெறும் சோற்றை நன்றாக மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கும். எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதுதான் காரணம்.

நொதி என்ற இந்தச் சொல் மூன்று வருடமும் கூடவே வரும். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, பரம்பரைக் குணத்தைக் கடத்தும் டி.என்.ஏ. ஆகிய நான்கும் உடம்பில் எப்படி உண்டாகின்றன, எப்படி உடைகின்றன, எங்கே தடைபட்டால் என்ன நோய் வருகிறது என்பதுதான் பாடத்தின் நடுமையம்.

சர்க்கரை நோய்க்கு "மூணு மாச டெஸ்ட்" என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அதை எடுத்துக்கொள்வோம். டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து டாக்டரை ஏமாற்றப் பார்க்கிற நம் ஆட்களுக்கு இந்த டெஸ்டில் ஒன்றும் நடக்காது. ஏன்? இரத்தத்தில் சர்க்கரை அதிகமானால் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் அது போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால் லேசில் விடாது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆக, எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு வெளியே வந்துவிடும். நம் குழு நோட்டு மாதிரி, பழைய வரவு செலவெல்லாம் அதில் எழுதியிருக்கும். இப்படி ஒரு டெஸ்ட் எதை அளக்கிறது, ஏன் அளக்கிறது என்று புரிந்துகொள்வதுதான் இந்தப் படிப்பு.

ஒரு மாத்திரையின் கதை

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை நமக்குத் தெரியும். அதில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. இது எப்படி வந்தது என்பதை ஒரு ஆசிரியை எங்களுக்குச் சொன்னார்.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்களுக்கு வந்த கடுமையான இரத்தசோகையை ஆராய்ந்தார். ஏழைப் பெண்கள், சாப்பாடு குறைவு. ஈஸ்டிலிருந்து எடுத்த ஒரு சாற்றைக் கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். 1931-இல் இதை எழுதி வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த சத்து எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதுதான் ஃபோலிக் அமிலம் என்று பின்னால் தெரிந்தது. அதைத் தொழிற்சாலையில் செய்யும் வழியை 1940-களில் அமெரிக்காவில் கண்டுபிடித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்ரகட சுப்பாராவ். ஆந்திராவின் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1925-இல் அவரும் ஃபிஸ்கே என்பவரும் சேர்ந்து சொன்ன பாஸ்பரஸ் அளக்கும் முறையை உயிர்வேதியியல் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள்.

ஆனாலும் தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். மாத்திரையை டீயோடு விழுங்குகிறவர்கள் கவனியுங்கள், டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேரவைக்கும். இதுவும் உயிர்வேதியியல்தான்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். கமலா சோஹோனி 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர விண்ணப்பித்தார். பட்டப் படிப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர். பெண் என்பதால் அங்கே இயக்குநராக இருந்த சர் சி.வி. ராமன் சேர்க்க மறுத்தார். கமலா விடவில்லை, நேரில் போய் நியாயம் கேட்டார். ஒரு வருடம் சோதனையாகப் பார்ப்போம் என்ற நிபந்தனையோடு இடம் கிடைத்தது. பால், பயறு வகைகளின் புரதத்தைப் பற்றி ஆராய்ந்தார். 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கினார். பின்னாளில் அவர் ஆராய்ந்த பொருள்களில் ஒன்று நீரா, அதாவது நம்ம பதநீர்.

வகுப்பில் என்ன நடக்கும்?

மூன்று வருடம், ஆறு செமஸ்டர். பிளஸ் டூவில் வேதியியலும் உயிரியலும் படித்திருக்க வேண்டும். பயோ மேத்ஸ் குரூப்பும் பியூர் சயின்ஸ் குரூப்பும் சரி. கம்ப்யூட்டர் குரூப் எடுத்த பிள்ளைக்குப் பொதுவாகக் கிடைக்காது. பத்தாவது முடிந்து குரூப் எடுக்கும்போதே இதை நினைவில் வையுங்கள்.

பிராக்டிகல் நிறைய உண்டு. உருளைக்கிழங்கிலிருந்து மாவுச்சத்து பிரிப்பது, பாலிலிருந்து புரதம் பிரிப்பது, சிறுநீரில் சர்க்கரை பார்ப்பது என்று தொடங்கும். நீல நிறக் கரைசலில் சர்க்கரை இருந்தால் சூடு காட்டியதும் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று அளவுக்கேற்ப மாறும். பிறகு இரத்தத்தில் யூரியா, கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று கருவியில் அளக்கப் பழகுவார்கள். வெள்ளைக் கோட்டு, ரெக்கார்டு நோட்டு என்று கட்டணம் போகவும் செலவு வரும். லேப் இருக்கிற நாளில் சாயங்காலம் நேரமாகும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இப்போதே பாருங்கள். போன வருடம் ஒரு பிள்ளை பாதியில் நின்றது பாடம் கஷ்டம் என்பதால் இல்லை, பஸ் இல்லாததால்.

கஷ்டம் இல்லை என்றும் சொல்லமாட்டோம். பெரும்பாலான கல்லூரிகளில் பாடம் ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் முதல் செமஸ்டரில் அழுதுவிட்டதாக அவர்களே சொன்னார்கள். நீளநீளமான பெயர்கள், உடம்புக்குள் சர்க்கரை எரிந்து சக்தியாகும் வழியைப் படிப்படியாக மனதில் வைக்க வேண்டும். வெறும் மனப்பாடத்தில் ஓட்டினால் இரண்டாம் வருடம் திணறும். பிள்ளைக்கு இது பிடிக்குமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் "உயிரியல் மூலக்கூறுகள்" என்று ஒரு பாடம் உண்டு. அதை ஒரு வாரம் படிக்கச் சொல்லுங்கள். ஆர்வமாகப் படித்தால் சேர்க்கலாம். அதைக் கண்டு ஓடினால் வேறு பாடம் பாருங்கள்.

வேலை

இதுதான் நம் எல்லோருடைய கேள்வி. நேராகச் சொல்கிறோம். இது டாக்டர் படிப்பு இல்லை, நர்ஸ் படிப்பு இல்லை, லேப் டெக்னீஷியன் படிப்பும் இல்லை. மூன்று வருடம் முடிந்ததும் கையில் வேலை என்று இருக்க வேண்டிய குடும்பம் என்றால் நர்சிங் அல்லது மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் பார்ப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. பி.எஸ்சி.யோடு நின்றால் தனியார் இரத்தப் பரிசோதனை நிலையம், மருந்து கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவு, பால், உணவுப் பொருள் தொழிற்சாலை லேப் இவற்றில் வாய்ப்பு உண்டு, தொடக்கச் சம்பளம் குறைவு. மெடிக்கல் கோடிங் என்ற கம்ப்யூட்டர் வேலைக்கும் பலர் போகிறார்கள். பட்டம் கேட்கும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளை எழுதலாம்.

இந்தப் படிப்புக்கு உண்மையான பலன் எம்.எஸ்சி. முடித்தால்தான். அதற்குமேல் நெட், செட் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர் ஆகலாம், ஆராய்ச்சிக்குப் போகலாம். ஆக மூன்று வருடம் இல்லை, ஐந்து வருடம் என்று கணக்குப் போடுங்கள். பி.எட். படித்துப் பள்ளி ஆசிரியை ஆகும் எண்ணம் இருந்தால், இந்தப் பட்டத்தை வேதியியலுக்கு இணையாக ஏற்பார்களா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம், எங்கள் பேச்சையும் சேர்த்துத்தான்.

பணம்

எல்லா அரசுக் கல்லூரியிலும் இந்தப் பாடம் இல்லை. இருக்கிற இடத்தில் கட்டணம் மிகக் குறைவு, எனவே முதலில் அங்கே ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். உதவி பெறும் கல்லூரி என்றாலும் இந்தப் பாடம் சுயநிதிப் பிரிவில் இருக்கலாம், கட்டணம் பல மடங்கு ஆகும். "எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. இந்த ஆண்டு விதிமுறை என்ன என்று கல்லூரியிலேயே விசாரியுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு மூன்றையும் மே மாதத்துக்குள் தயார் செய்யுங்கள்.

குழு உள்கடனை மட்டும் நம்பி இதைத் தொடங்காதீர்கள். முதல் செமஸ்டருக்கு அது கைகொடுக்கும், மாதத் தவணை உடனே தொடங்கிவிடும். வங்கிக் கல்விக் கடன் என்றால் பொதுவாக 4 இலட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை. ஆனால் வட்டி அதுவரை ஓடிக்கொண்டே இருக்கும். அதை மாதாமாதம் கட்டிவந்தால் பின்னால் சுமை குறையும்.

ஒத்திவைத்த அந்த விண்ணப்பம் வருகிற கூட்டத்தில் மறுபடி வருகிறது. அக்காவோடு மகளையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறோம், என்ன படிக்கப் போகிறாள் என்று அவளே பிரதிநிதிகளுக்குச் சொல்லட்டும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள மற்ற உறுப்பினர்களும் மதிப்பெண் பட்டியலோடு அன்று காலை பத்து மணிக்குக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள்.