சிரித்தால் கண் ஏன் சுருங்குகிறது?

முகவாதம் வந்து தேறிய சிலருக்கு, டீயை உறிஞ்சும்போதே ஒரு கண் தானாகச் சுருங்கும். சேலம்–நாமக்கல் பஸ்ஸின் ஜன்னல் காற்றைப் பழிக்க வேண்டாம். இது மிச்சமிருக்கும் பலவீனமும் அல்ல. அடிபட்ட முக நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளர்கிறது. இளம்பிள்ளைத் தறியில் அறுந்த பாவு நூலை மாற்றி முடிந்ததுபோல, உதட்டுக்குப் போகவேண்டிய சில இழைகள் இமைத் தசையில் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே பயிற்சி என்று மூச்சைப் பிடித்துப் பலூன் ஊதினால் தப்பான இணைப்புக்கே பழக்கம் ஏறும். (சூயிங்கம் மெல்லும் பயிற்சியும் உதவாது; மெல்லும் தாடைத் தசை இந்த நரம்பின் ஆளே அல்ல.) பயிற்சியைக் குறைத்தால் தசை மெலியாதா? இங்கே தசை சும்மா இல்லை, வேண்டாதபோதும் இழுக்கிறது. கண்ணாடி முன் உட்கார்ந்து மெதுவாகப் புன்னகைத்து, இமை அசையத் தொடங்கும் முன்பே நிறுத்திப் பழகுவதுதான் சரி. அப்படியும் அடங்காத இழுப்புக்குச் சிறு அளவு போட்டுலினம் ஊசி சில மாதம் கைகொடுக்கும்.