பதினொருவர் பிடித்ததைப் பன்னிருவர் விட்டார்களா?

ஒரு படம் ஓடிவிட்டால் போதும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது படம் வந்துவிடும். சினிமா உலகில் இது புதிதல்ல. ஹாலிவுட் டைரக்டர் ஸ்டீவன் சோடர்பெர்க் 2001-ம் ஆண்டு எடுத்த "ஓஷன்ஸ் லெவன்" படத்துக்கும் இதுவே நடந்தது.

சுமார் 8½ கோடி டாலர் செலவில் எடுத்த அந்தப் படம் உலகம் முழுவதும் ஓடிச் சம்பாதித்தது சுமார் 45 கோடி டாலர்! விடுவார்களா? 2004-ம் ஆண்டு டிசம்பரில் "ஓஷன்ஸ் ட்வெல்வ்" வந்து சேர்ந்தது. அதே டைரக்டர், அதே நட்சத்திரக் கூட்டம். போதாக்குறைக்குப் புதிய நட்சத்திரங்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அண்ணனுக்குத் தம்பி ஈடு கொடுத்தானா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அசல் என்று கொண்டாடப்படும் 2001-ம் ஆண்டுப் படமே அசல் அல்ல. 1960-ம் ஆண்டு பிராங்க் சினட்ரா, டீன் மார்ட்டின், சம்மி டேவிஸ் ஆகியோர் நடித்து இதே பெயரில் ஒரு படம் வந்தது. யுத்தத்தில் ஒன்றாகப் போரிட்ட பழைய சிப்பாய்கள், புத்தாண்டு இரவில் லாஸ் வேகாஸ் நகரின் ஐந்து சூதாட்ட விடுதிகளை ஒரே நேரத்தில் கொள்ளையடிக்கும் கதை. அடித்த பணத்தைச் சவப்பெட்டியில் ஒளித்து வைக்கிறார்கள். பிணத்தோடு பணமும் எரிந்து சாம்பலாகிறது! முடிவு அபாரம். ஆனால் அதற்கு முன்னே படம் ஆமை வேகத்தில் நகரும். சோடர்பெர்க் கருவை மட்டும் எடுத்துக்கொண்டு கதையைப் புதிதாக அமைத்தார்.

பூட்டும் சாவியும்

சிறையிலிருந்து வெளியே வரும் டேனி ஓஷன் (ஜார்ஜ் க்ளூனி), நண்பன் ரஸ்டியுடன் (பிராட் பிட்) சேர்ந்து ஆள் திரட்டுகிறான். பிக்பாக்கெட்காரன், வெடிமருந்து நிபுணன், சர்க்கஸ் வித்தைக்காரன், வயதான மோசடிக்காரர் என்று மொத்தம் பதினொரு பேர். மூன்று சூதாட்ட விடுதிகளின் பணமும் ஒரே நிலவறையில் இருக்கிறது. குத்துச்சண்டை நடக்கும் இரவில் அங்கே குவிந்து கிடப்பது 16 கோடி டாலருக்கு மேல். விடுதி முதலாளி பெனடிக்ட் (ஆண்டி கார்சியா) ஈவு இரக்கம் இல்லாதவன். போதாததற்கு டேனியின் முன்னாள் மனைவி டெஸ் (ஜூலியா ராபர்ட்ஸ்) இப்போது அவனுடைய காதலி!

இங்கேதான் படத்தின் கெட்டிக்காரத்தனம். நிலவறைக்கு எத்தனை கதவு, எத்தனை காவல், என்ன இடைஞ்சல் என்று எல்லாவற்றையும் முதலிலேயே ரசிகனிடம் சொல்லிவிடுகிறார்கள். ஒத்திகை பார்க்க நிலவறையைப் போலவே இன்னொன்று கட்டுகிறார்கள். அதையும் நாம் பார்க்கிறோம். கடைசியில் முதலாளி தொலைக்காட்சியில் காணும் கொள்ளை, அந்தப் போலி நிலவறையில் முன்பே எடுத்த படம் என்று தெரிகிறது. அவன் துரத்திப் பிடித்த வண்டியில் இருப்பதோ வெறும் நோட்டீஸ் கட்டுகள்! "அடடா, கண்ணெதிரே இருந்ததே, தோன்றாமல் போயிற்றே" என்று ரசிகன் தொடையில் தட்டிக்கொள்கிறான். சாவியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் பூட்டைத் திறந்து காட்டிய படம் அது.

முட்டைக்குப் பின்னால் ஓட்டம்

இரண்டாவது படம் நன்றாகத்தான் தொடங்குகிறது. பணத்தைப் பறிகொடுத்த பெனடிக்ட் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் வந்து நிற்கிறான். இரண்டே வாரத்தில் வட்டியும் முதலுமாகப் பணம் வந்தாக வேண்டும்! செலவழித்தது போக மிச்சத்தை எண்ணிப் பார்த்துக் கையைப் பிசைகிறார்கள் திருடர்கள். அமெரிக்காவில் முகம் தெரிந்துவிட்டதால் ஐரோப்பாவுக்குக் கிளம்புகிறார்கள்.

அங்கே "இரவு நரி" என்ற பிரெஞ்சுத் திருடன் (வின்சென்ட் கசேல்) போட்டிக்கு நிற்கிறான். பந்தயப் பொருள் ஒரு முட்டை. ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கலஸ் 1897-ம் ஆண்டு தம் ராணிக்குப் பரிசளித்த ரத்தின முட்டை! டேனி ஜெயித்தால் கடன் முழுவதையும் நரியே தீர்த்துவிடுவான். துப்பறியும் அதிகாரியாக வரும் காதரீன் ஜீட்டா ஜோன்ஸ், ரஸ்டியின் பழைய காதலி.

ஆம்ஸ்டர்டாம், ரோமாபுரி, கோமோ ஏரி. கண்ணுக்கு விருந்து என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் கொள்ளை எங்கே? கூட்டத்தில் பெரும்பாலோர் கடைசிப் பகுதியில் சிறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே இருப்பவர்கள் டெஸ்ஸை நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் போல நடிக்கச் சொல்கிறார்கள். ஜூலியா ராபர்ட்ஸே ஜூலியா ராபர்ட்ஸ் போல நடிக்க முடியாமல் திண்டாடுகிறார்! எதிரே நடிகர் புரூஸ் வில்லிஸ், புரூஸ் வில்லிஸாகவே வந்து நிற்கிறார். இந்தக் காட்சியை வெறுத்தவர்கள் பலர். ஆனால் படத்தில் வாய்விட்டுச் சிரிக்க முடிகிற இடம் இது ஒன்றுதான்.

பெரிய குற்றம் வேறு. இத்தனை அமர்க்களத்துக்கும் பிறகு, முட்டையை ரெயிலிலேயே திருடி ஆயிற்று என்கிறார்கள்! லேசர் கதிர்களுக்கு இடையே நரி நடனமாடி எடுத்தது போலி முட்டை. அப்படியானால் ரோமாபுரியில் நாம் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்ததெல்லாம்? வெறும் நாடகம். முதல் படத்தில் ஏமாந்தது பெனடிக்ட். இதில் ஏமாந்தது டிக்கெட் வாங்கியவர். ஊகிக்க ஒரு துரும்பும் காட்டாமல் மறைத்துவிட்டுக் கடைசியில் விளக்கம் சொல்வது சாமர்த்தியம் ஆகாது.

காரணம் கதை பிறந்த விதத்தில் இருக்கிறது. ஜார்ஜ் நோல்பி இதை முதலில் எழுதியது ஓஷன் கூட்டத்துக்காக அல்ல. அமெரிக்கத் திருடனுக்கும் ஐரோப்பியத் திருடனுக்கும் போட்டி என்ற தனிக் கதை அது. பிறகு அதில் ஓஷன் கூட்டத்தை நுழைத்தார்கள். இருவருக்கென்று தைத்த சட்டையில் பன்னிரண்டு பேர் எப்படி நுழைவது?

நடிகர்கள் மட்டும் வெகு குஷியாக இருக்கிறார்கள். முதல் படத்துக்குச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். அதிலும் குஷி இருந்தது, ஆனால் வேலையும் நடந்தது. இரண்டாவதில் பிறர் வீட்டு விருந்தை ஜன்னல் வழியே பார்ப்பது போல இருக்கிறது.

வசூல் மோசமில்லை. சுமார் 11 கோடி டாலர் போட்டு 36 கோடி வரை எடுத்தார்கள். ஆயினும் ரசிகர்களின் முணுமுணுப்பு ஸ்டூடியோவின் காதில் விழுந்திருக்க வேண்டும். 2007-ம் ஆண்டு மூன்றாவது படத்துக்குப் பழையபடி லாஸ் வேகாஸுக்கே திரும்பினார்கள். புதிய எதிரி அல் பசினோ. சூதாட்ட விடுதி, காவல், திட்டம், ஒத்திகை எல்லாம் மறுபடி வந்தன. ரோமாபுரிப் பக்கம் மட்டும் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை.