14 அடி ஹாலுக்கு என்ன ஸ்கிரீன்?

தாமலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பெங்களூரு நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் புது வீடு. ஹாலுக்கு 14 அடி உயரம், மேற்கே பெரிய ஜன்னல். ஸ்கிரீனை ஜன்னல் அளவுக்குப் போட்டால் போதுமா, மேலே கூரையிலிருந்து தரை வரை தொங்கவிட வேண்டுமா? அம்மாவின் பழைய பட்டுப்புடவைகளைத் திரையாக்கலாமா? ‘தெர்மல் கர்ட்டன்’ போட்டால் பத்து டிகிரி குறையும் என்று கடையில் சொல்கிறார்களே, நிஜமா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். குறையாது. அந்தப் பத்து டிகிரியைத் தெர்மாமீட்டரை எங்கே வைத்து அளந்தீர்கள் என்று மட்டும் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். திரைக்கு முன்னும் பின்னும் அளந்தால் அந்த வித்தியாசம் வரக்கூடும். நீங்கள் உட்காரும் நாற்காலியில் வராது. கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயில் வீட்டுக்குள் வந்த வெயில்தான். 4 அடிக்கு 5 அடி ஜன்னலில் சித்திரை மாதத்துச் சாய்ந்த வெயில் நேராக விழுந்தால் சுமார் 1,000 வாட் உள்ளே வருகிறது. அதைத் திரை அழித்துவிட முடியாது. ஒளியாக இருக்கும்போதே ஒரு பங்கைக் கண்ணாடி வழியே திருப்பி அனுப்பலாம், அவ்வளவே. அதற்குத் திரையின் முதுகு வெள்ளையாக இருக்க வேண்டும். அறையைப் பார்த்த பக்கம் மாம்பழ மஞ்சளோ மயில்கழுத்து நிறமோ உங்கள் இஷ்டம். ஜன்னலைப் பார்த்த பக்கம் அடர்நிறமானால், வந்த ஒளியை எல்லாம் துணியே குடித்துச் சூடாகிவிடும்.

எல்லா ஜன்னலுக்கும் இந்தக் கவலை வேண்டாம். தாமல் அட்சரேகையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சியில் நிற்கிறது. நடுவில் உள்ள மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே போய்விடுகிறது. ஆகவே கோடையில் தெற்கு ஜன்னல் சாது. மேற்கு ஜன்னல்தான் வில்லன்.

இனி, உயரத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இது.

வெயில் பட்ட திரைக்கும் கண்ணாடிக்கும் இடையில் உள்ள காற்று சூடாகி மேலே ஏறும். அடியிலிருந்து புதுக் காற்று புகும். ஜன்னல் ஓரத்தில் ஒரு புகைபோக்கி தானாக முளைத்துவிடுகிறது. அதை உந்தும் விசை எவ்வளவு தெரியுமா? இடைவெளிக் காற்று அறையைவிட 10 டிகிரி சூடு, திரையின் உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் அழுத்தம் 1.1 பாஸ்கல். மேஜையில் கிடக்கும் ஒன்றரை ஜெராக்ஸ் தாள் மேஜையை அழுத்தும் அளவு! இந்த அற்பத்தை வைத்துக்கொண்டு, இடைவெளி 4 அங்குலம், அகலம் 4 அடி, வேகம் விநாடிக்கு வெறும் 30 சென்டிமீட்டர் என்றாலும், விநாடிக்கு 36 லிட்டர் காற்று மேலே போகிறது. அது சுமந்து செல்லும் வெப்பம் ஏறக்குறைய 400 வாட். மின்கட்டணம் இல்லை, மோட்டார் இல்லை.

திரை உயர உயர உந்துதல் கூடும். இரண்டு மடங்கு உயரத்துக்கு வேகம் இரண்டு மடங்காகாது, சுமார் 1.4 மடங்காகும். ஆகவே 14 அடி ஹாலில் நீளத் திரைக்கு நியாயம் உண்டு. ஒரு நிபந்தனை: மேலே ஏறிய காற்றுக்குப் போக்கிடம் வேண்டும்.

2019-இல் அத்திவரதரைத் தரிசிக்கக் காஞ்சிபுரத்தில் வரிசையில் நின்றவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். வரிசை நகர்வது உள்ளே வருகிறவர் வேகத்தால் அல்ல, வெளியே போகும் வாசலால். கூரையை ஒட்டிய வென்டிலேட்டர்தான் அந்த வாசல். அது மூடியிருந்தால் தரிசனம் முடித்த சூடான காற்று மண்டபத்திலேயே உட்கார்ந்து சுண்டல் தின்னும். தரையில் புரளும்படி திரையை நீளமாகத் தைப்பது, வரிசையின் நுழைவாயிலைப் பூட்டுவதற்குச் சமம். கண்ணாடி வழியே நேராக வரும் வெயில் வி.ஐ.பி. பாஸ், அது எந்த வரிசையிலும் நிற்பதில்லை. இதில் சீலிங் ஃபேன் யார்? வெளிவாசல் வரை போனவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்து மறுபடி சந்நிதிக்கு முன்னால் நிறுத்தும் உற்சாகத் தொண்டர்.

ஃபேன் விஷயம் வேடிக்கைக்குச் சொன்னதல்ல. 14 அடிக் கூரையில் நீள ராடு போட்டு 9 அடியில் ஃபேனைத் தொங்கவிடுகிறோம். அது தனக்கு மேலே தேங்கிய சூட்டை இழுத்துத் தலையில் கொட்டுகிறது. வெயில் சாயும் மூன்று மணி முதல் பொழுது இறங்கும் வரை டேபிள் ஃபேன் மேல். அந்த நேரத்து அனல் மேல்காற்று மேற்குச் சுவரில் மோதும்; கிழக்குச் சுவர்ப் பக்கம் உறிஞ்சல் உண்டாகும். ஆகவே கிழக்கு வென்டிலேட்டரைத் திறந்து, மேற்கை மூடி வையுங்கள். புது வீட்டில் வென்டிலேட்டரே வைக்கவில்லை என்றால், நீளத் திரை அழகுக்கு மட்டும்தான். ஏ.சி. போடும் அறையில் கணக்கு அப்படியே தலைகீழ்: மேலே பெல்மெட் பெட்டி, கீழே தரையைத் தொடும் துணி, காற்று அசையக் கூடாது. குளிர்நாட்டு வீட்டலங்காரப் பத்திரிகைகள் சொல்வதும் இதைத்தான். அவர்கள் காக்க நினைப்பது கதகதப்பை என்பதை மறந்து நாம் காப்பியடிக்கிறோம்.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழைய மெட்ராஸ் பங்களாக்களிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் உயரக் கூரை இருந்தது. அதை ஒட்டித் திறப்புகளும் இருந்தன. செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த தளம் வெயிலைத் தாமதப்படுத்தியது. வெள்ளைக்காரத் துரைகள் ஜன்னலுக்கு வெளியே வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிக்க ஆள் வைத்திருந்தார்கள். இதில் உயரத்தை மட்டும் பிய்த்தெடுத்து, ஐந்தங்குல கான்கிரீட் தளத்துக்குக் கீழே ஒட்டிவிட்டு, ‘பாரம்பரியக் குளிர்ச்சி’ என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்தத் தளம் சாயங்காலம் கக்கும் அனலுக்கு நான்கடி கூடுதல் உயரம் ஒரு பொருட்டே இல்லை. தட்டியோ மூங்கில் பாயோ வெளியே கட்டினால், எந்தத் தெர்மல் கர்ட்டனையும் அது தோற்கடிக்கும். வெயிலைக் கண்ணாடிக்கு முன்பே நிறுத்துகிறதே!

புடவைக்கு வருவோம். யோசனை கெட்டிக்காரத்தனமானது. கடையில் ரெடிமேடாகக் கிடைப்பவை பெரும்பாலும் 5, 7, 9 அடித் திரைகள். புடவையோ 18 அடி. ஒட்டுப்போடாமல் 14 அடியைத் தாண்டும். ஆனால் பட்டு வெயில் தாங்காது. பட்டுப்புரதத்தில் உள்ள டிரிப்டோஃபேன், டைரோசின் என்ற அமினோ அமிலங்கள் புறஊதாக் கதிரை உறிஞ்சிச் சிதைகின்றன. இழை பழுப்பேறி நொறுங்குகிறது. ஜன்னல் கண்ணாடி புறஊதாவின் ஒரு பகுதியை மட்டுமே தடுக்கிறது. ஏற்கெனவே மடிப்பில் விட்டுப்போன பழம்புடவைக்குத் தன் சரிகையின் எடையே சுமை. மேற்கு ஜன்னலில் தொங்கவிட்டால் ஒன்றிரண்டு கோடையில் கையோடு கிழிந்து வரும். ஹாலிலிருந்து உள்ளறைக்குப் போகும் வாசலில் மாட்டுங்கள், அங்கே நேர்வெயில் வராது.

மேற்கு ஜன்னலுக்கு வெளுத்த பருத்தித் துணியை மீட்டர் கணக்கில் வாங்கித் தைப்பதே சரி. கண்ணாடியிலிருந்து நாலங்குலம் தள்ளி ராடு, கூரைக்குக் கீழே அரையடி இடைவெளி, தரைக்கு மேலே ஓரங்குலம். வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள். பருத்தி முதல் துவைப்பில் 5 சதவீதம் சுருங்கினால் ஐந்தடித் திரையில் மூன்றங்குலம் போகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். 13 அடித் திரையில் எட்டங்குலம் போகும்.